வாசகர் கேள்வி – பதில்: ஆம்பலும் நெய்தலும் மாடித் தொட்டியில்

நீர்ச்செடிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே அல்லியைப் பற்றித்தான் கேட்கின்றன. ஆம்பலும் நெய்தலும் அல்லி வகைகள்தான். எல்லாம் ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம்.

நர்சரியில் 'நீலத் தாமரை' என்று ஒரு செடி கொடுத்தார்கள். இலையில் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. தாமரை இலை அப்படி இருக்காதே?
– வாசகி, தண்டையார்பேட்டை

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது அல்லி. தாமரையில் நீல நிறமே கிடையாது. நம் நாட்டுத் தாமரை இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூக்கும், அமெரிக்கத் தாமரை மஞ்சளாகப் பூக்கும், அவ்வளவுதான்.

தாமரை இலை முழு வட்டம். காம்பு நடுவில் வந்து சேரும். இளஞ்செடியின் முதல் சில இலைகள் மிதந்தாலும் பிறகு வருபவை நீரைவிட்டு எழும்பி நிற்கும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு ஓடும், இலை தண்ணீர்மேல் படுத்தே கிடக்கும். தாமரையின் விதைகள் பொகுட்டில் குழிகுழியாக உட்கார்ந்திருக்கும். அல்லிக் காயோ உருண்டையாக நீருக்குள்ளேயே பழுக்கும்.

இரண்டும் ஒரே குளத்தில் வளர்வதால் பங்காளிகள் என்று நினைக்கிறோம். தாவரவியல் வேறு சொல்கிறது. பூக்கும் தாவரங்கள் தோன்றிய தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்துபோன பழைய கிளைகளில் ஒன்று அல்லிக் குடும்பம். தாமரை அதற்கு மிகவும் தூரத்து உறவு. லின்னேயஸ் 1753இல் 'நிம்ஃபேயா' என்று பெயரிட்ட அல்லிப் பேரினத்தில் உலகெங்கும் சுமார் 50 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நம் கடற்கரைச் சமவெளிக்கு உரியவை இரண்டு மூன்றுதான்.

உங்கள் செடி நாட்டு இனமா, கலப்பினமா என்று தெரிய இலையைப் பாருங்கள். இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச் செடி முளைத்தால் அது வெளிநாட்டு இரத்தம் கலந்த அல்லி. நாட்டு அல்லி எதுவும் இலையில் குட்டி போடாது. பூ மஞ்சளாக இருந்தாலும் அது இந்நாட்டு இனம் அல்ல. கலப்பினத்தை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை நாட்டு இனம் என்று எண்ணி ஏரியில் கொண்டுபோய் விடக் கூடாது.

காலையில் வேலைக்குப் போகும்போது பூ விரிந்திருக்கிறது, மாலை வந்து பார்த்தால் மூடிக்கிடக்கிறது. பக்கத்து வீட்டில் அதற்கு நேர்மாறு. செடியில் ஏதேனும் கோளாறா?
– வாசகர், கொளத்தூர்

கோளாறு எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

உங்களுடையது பகலில் பூப்பது: நிம்ஃபேயா நௌசாலி. நெய்தல், கருங்குவளை, நீலோற்பலம் என்றெல்லாம் அழைக்கப்படும் செடி இதுதான். காலை ஏழு எட்டு மணிக்கு விரிந்து பிற்பகல் மூன்று நான்கு மணிக்குக் கூம்பும். நீலம், வெளிர் ஊதா, சில குளங்களில் வெள்ளை. இதழ்கள் ஒடுங்கி நுனி கூர்ந்திருக்கும், மணம் இருக்கும். கடற்கரை நிலத்துக்கே நெய்தல் என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். எண்ணூரிலிருந்து பழவேற்காடுவரை நீளும் கரையில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சொந்தமான பூ வேறு எது?

பக்கத்து வீட்டுச் செடி இரவில் பூப்பது: நிம்ஃபேயா பியூபெசென்ஸ். வெள்ளாம்பல், குமுதம் என்பது இதைத்தான். பொழுது சாய்ந்தபின் விரிந்து மறுநாள் முற்பகல்வரை நிற்கும். கருஞ்சிவப்பாகப் பூக்கும் செவ்வல்லியை நிம்ஃபேயா ரூப்ரா என்பார்கள். அதன் இளம் இலையே செம்பு நிறமாக இருக்கும். அது தனி இனமா, வெள்ளாம்பலின் நிற வேறுபாடா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

பூ இல்லாத நாளிலும் இனம் காணலாம். விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஆம்பலில் கூரிய பற்கள் வரிசையாக இருக்கும், நெய்தலில் விளிம்பு மழுங்கலாகவோ லேசாக நெளிந்தோ இருக்கும். பிறகு இலையைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் தேயுங்கள். ஆம்பலில் மென்மயிர் தட்டுப்படும், நெய்தல் வழவழப்பாக இருக்கும். இந்த இரண்டு சோதனையும் போதும்.

வேலைக்குப் போகிறவர்கள் இரவில் பூக்கும் ஆம்பலை வைத்துக்கொள்வது நல்லது. வீடு திரும்பும் நேரத்துக்கு விரிந்திருக்கும்.

மொட்டை மாடியில் வைக்க ஆசை. தொட்டி எவ்வளவு பெரிது, மண் என்ன, எப்படி நடுவது?
– வாசகி, பெரம்பூர்

முதலில் எடையைக் கணக்குப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மண்ணும் தொட்டியும் சேர்ந்தால் 120 கிலோவைத் தாண்டும், கீழே சொல்லும் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் இன்னும் கூடும். தளத்தின் நடுவில் வைக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். ஷீட் கூரைமேல் வைக்கவே கூடாது.

இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டி ஒரு செடிக்குப் போதும். உயரத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் இலை பரவ இடம் வேண்டும். புது சிமென்ட் தொட்டியானால் அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். ஒரு வாரம் நீர் நிரப்பி வைத்து, இடையில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரலைக் குறுக்கே அறுத்தும் பயன்படுத்தலாம். ஆனால் உணவுப்பொருள் வந்த பேரல் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். நம் பக்கம் பழைய பேரல் கடைகளில் கிடைப்பவற்றில் பல, ரசாயனம் வந்தவை. கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. வாசனை வந்தால் வாங்காதீர்கள்.

தொட்டியின் அடியில் நேரடியாக மண் போடாமல், 12 அங்குல அகலமும் 8 அங்குல ஆழமும் உள்ள பூந்தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்குவதுதான் வசதி. மண் மாற்றும்போது முழுத் தொட்டியையும் கலக்க வேண்டியிராது. அடியில் துளை இருந்தால் துணியால் அடையுங்கள்.

மண்ணில்தான் பலர் தவறுகிறார்கள். மாடித் தோட்டத்துக்கு என்று விற்கும் கலவை இங்கே உதவாது. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மிதந்து மேலே வந்து, தண்ணீரைத் தேநீர் நிறமாக்கிவிடும். களிமண் அல்லது வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இதுவே சரியான கலவை. பச்சைச் சாணம் போட்டால் காற்றில்லாத சேற்றில் அது புளித்து வேரை அழுகச் செய்யும். மேலே ஒரு அங்குலம் கழுவிய மணலோ பொடிக்கல்லோ பரப்புங்கள், மண் கலங்காது, மீனும் கிளறாது.

கிழங்கு உருண்டையாக, சிறியதாக இருக்கும். குருத்து முளைக்கும் தலைப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி ஊன்றுங்கள். தலையைப் புதைத்தால் அழுகும். முதலில் அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். உள்தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால் இது எளிது. இலைகள் மேற்பரப்பைத் தொட்டதும் ஒவ்வொரு செங்கலாக எடுத்து, கடைசியில் தொட்டி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுக்கு இறக்குங்கள். ஆறு அங்குலத் தண்ணீருக்குக் குறையாமல் நின்றால் போதும், ஓர் அடி நின்றாலும் நல்லதே.

ஐந்தாறு மணி நேர நேர்வெயில் அவசியம். குழாயிலிருந்து தண்ணீர் நேராக இலைமேல் கொட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு. முதல் மாதம் செடி நன்றாக இருந்தது. இப்போது இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தினமும் தண்ணீர் விடத்தான் செய்கிறோம்.
– வாசகர், மணலி புதுநகர்

தினமும் நீங்கள் விடும் அந்தத் தண்ணீர்தான் காரணம். மீஞ்சூரைச் சுற்றியுள்ள நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் விளைவு உங்கள் தொட்டிவரை வருகிறது.

நடப்பது என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அடி அகலத் தொட்டி நாளுக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் இழக்கும். மாதத்துக்கு 80 லிட்டர். போவது வெறும் நீர், உப்பு உள்ளேயே தங்கும். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் 80 லிட்டர் ஊற்றினால், ஒரே மாதத்தில் 120 கிராம் உப்பு தொட்டியில் சேர்ந்துவிடும். அடுத்த மாதம் இன்னும் 120 கிராம். முதல் மாதம் செடி தாங்கியதும் இப்போது கருகுவதும் இதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகக் கிடைக்கும், ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை அளந்தால் மட்டும் போதாது, தொட்டித் தண்ணீரையும் அளக்க வேண்டும். 1,000க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 1,500ஐ நெருங்கினால் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரே 2,000க்கு மேல் என்றால் அதை நம்பி அல்லி வளர்க்க முடியாது, மெட்ரோ வாட்டரோ மழைநீரோதான் வழி.

பத்துச் சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் அதைவிடப் பல மடங்கு பெய்யும் ஊர் இது. இரண்டு பேரலில் பிடித்து மூடி வைத்தால் தை, மாசிவரை வரும். மழைக்காலத்தில் தொட்டியையும் வழிந்தோட விடுங்கள், சேர்ந்த உப்பு தானாக வெளியேறும்.

வீட்டு ஆர்.ஓ. கருவியிலிருந்து வடியும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீணாகாமல் செடிக்கு விடுகிறோம் என்று பலரும் நல்ல எண்ணத்தோடு செய்வது அல்லிக்கு நஞ்சாகிறது.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து தொட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

அவர்கள் கவலை நியாயமானது. டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். மீன் இல்லாத அல்லித் தொட்டி கொசுப் பண்ணைதான்.

100 லிட்டருக்கு ஆறு முதல் எட்டு கப்பி மீன் விடுங்கள். கொளத்தூர் மீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நாட்டுச் சிறுமீன் கிடைத்தால் இன்னும் சிறப்பு, அது மேற்பரப்பிலேயே திரிந்து புழுவைப் பொறுக்கும். மெட்ரோ வாட்டரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் மீனை விடுங்கள். தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடாது, மிஞ்சும் தீனி பாசியை வளர்க்கும். பணியாளர் வரும்போது மீனைக் காட்டுங்கள், கரண்டியால் தண்ணீரை மொண்டு புழு இல்லை என்றும் காட்டுங்கள்.

தொட்டியைவிட ஆபத்தானவை அதைச் சுற்றிக் கிடப்பவை: அடித்தட்டு, பக்கத்தில் வைத்த மக், செங்கல் பள்ளம். கப்பி பெருகினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், ஏரியிலோ கால்வாயிலோ விட வேண்டாம். அது இந்நாட்டு மீன் அல்ல.

தண்ணீர் பச்சையாக மாறிவிட்டது. வாரா வாரம் முழுவதும் மாற்றியும் பயன் இல்லை.
– வாசகர், புழல்

மாற்றுவதை நிறுத்துங்கள். புதுத் தண்ணீர் வந்ததும் பாசி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியதும் வெளிச்சம் குறைந்து, மூன்று நான்கு வாரத்தில் தானாகத் தெளியும். நூல் பாசியை மட்டும் குச்சியில் சுற்றி எடுத்துவிடுங்கள். உரத்தைத் தண்ணீரில் தூவியிருந்தால் அதுவும் காரணம்.

இலை மட்டும் குவிகிறது. ஆறு மாதமாக ஒரு பூ இல்லை.
– வாசகி, ராயபுரம்

முதல் சந்தேகம் வெயில். அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் பால்கனியில் வெளிச்சம் இருக்கும், நேர்வெயில் இருக்காது. ஒரு நாள் மணிக்கணக்குப் பார்த்து எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் இடத்தை மாற்றுவது ஒன்றே தீர்வு, உரம் உதவாது.

வெயில் போதுமென்றால் பசியாக இருக்கலாம். அல்லி பெருந்தீனிச் செடி. 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரம் 10 கிராம், அதாவது இரண்டு சிறு தேக்கரண்டி, எடுத்து இரண்டு காகிதப் பொட்டலமாக மடியுங்கள். கிழங்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, எதிரெதிர்ப் பக்கங்களில், மூன்று அங்குல ஆழத்துக்கு விரலால் அழுத்திவிட்டு மண்ணை மூடுங்கள். மாதம் ஒரு முறை போதும். கிழங்கை ஒட்டி வைத்தால் வேர் கருகும். யூரியா வேண்டாம், அது இலையைத்தான் பெருக்கும்.

மூன்றாவது காரணம் நெருக்கடி. ஒரு வருடம் தாண்டினால் உள்தொட்டியில் பல கிழங்குகள் சேர்ந்து இடத்துக்கு அடித்துக்கொள்ளும். இலைகள் சிறுத்து நிமிர்ந்து நின்றால் அதுதான் அடையாளம். பிரித்து, பெரிய கிழங்கு ஒன்றை மட்டும் புது மண்ணில் நடுங்கள்.

இலைமேல் கறுப்பாகப் பூச்சி அப்பியிருக்கிறது. வேறு சில இலைகளில் யாரோ கத்தரித்த மாதிரி நீள்வட்டத் துண்டுகள் காணவில்லை. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?
– வாசகர், மாதவரம்

வேண்டாம். மற்றச் செடிகளுக்கு மூச்சுத்துளை பெரும்பாலும் இலையின் அடியில் இருக்கும். அல்லிக்கு அடிப்பக்கம் தண்ணீர், அதனால் துளைகள் மேல்பக்கம் இருக்கின்றன. எண்ணெய் அவற்றை அடைக்கும், மீனுக்கும் ஆகாது.

கறுப்பாக அப்பியிருப்பது அசுவினி. இலையைக் கையால் நீருக்குள் அழுத்தி, விரலால் தேய்த்துவிடுங்கள். மிதக்கும் பூச்சியை மீன் தின்றுவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு வாரம் செய்தால் அடங்கும். மிக மோசமான இலையைக் காம்போடு கிள்ளி எறியுங்கள்.

துண்டுகள் போனது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. வெட்டிய துண்டை வீடாக்கி அதற்குள் ஒளிந்து மிதக்கும். தண்ணீரில் மிதக்கும் சிறு இலைத்துண்டுகளை எல்லாம் பொறுக்கி நசுக்கிவிடுங்கள், புழு அதற்குள்தான் இருக்கும். இலையின் அடியில் கூழ் போன்ற முட்டைக்குவியல் இருந்தால் அது நத்தையுடையது, வழித்து எடுங்கள்.

பூவுக்குள் தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. இது பூச்சி தின்னும் செடியா?
– வாசகி, மீஞ்சூர்

இல்லை, ஆனால் நல்ல கேள்வி. இந்தப் பேரினத்தின் மிக அழகான பகுதி இதுதான்.

ஒவ்வொரு பூவும் மூன்று நான்கு நாள் விரிந்து மூடும். முதல் நாள் அது பெண்ணாக இருக்கிறது. நடுவில் இருக்கும் சூலகமுடி ஒரு கிண்ணம். அதில் தெளிந்த நீர் சுரந்து நிற்கும். சுற்றிலும் மகரந்தத் தாள்கள் வழுக்கலாக நிமிர்ந்து நிற்கும், மகரந்தம் இன்னும் வெடித்திருக்காது. வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் தேனீ இதில் இறங்கும்போது வழுக்கிக் கிண்ணத்தில் விழும். அதன் உடலிலிருந்த மகரந்தம் நீரில் கழுவப்பட்டுச் சூலகத்தைச் சேரும். பெரும்பாலும் தேனீ ஏறித் தப்பிவிடும். சில மூழ்கிப்போகும். அவற்றைச் செடி செரிப்பதில்லை, அதனால் ஒரு பயனும் அடைவதில்லை.

இரண்டாம் நாள் கிண்ணம் வற்றும், தாள்கள் உள்நோக்கி வளைந்து அதை மூடும், மகரந்தம் வெடிக்கும். இப்போது பூ ஆண். தன் மகரந்தம் தனக்கே விழாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

விதை வேண்டுமென்றால் இதையே பயன்படுத்துங்கள். இரண்டாம் நாள் பூவிலிருந்து மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, வேறு செடியின் முதல் நாள் பூவின் கிண்ண நீரில் உதறுங்கள். காய் பிடித்தால் காம்பு வளைந்து பூவை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். உடனே மல் துணியில் தளர்வாகப் பை கட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் காய் வெடிக்கும்போது, மிதவை உறை போர்த்த விதைகள் மேலே வந்து பரவும். பை இல்லையென்றால் எல்லாம் போய்விடும். கிடைத்த விதையை உலர விடாமல் உடனே களிமண் பரப்பிய தட்டில், ஓரிரு அங்குலத் தண்ணீருக்கடியில் தூவுங்கள். முதலில் வருபவை மெல்லிய நீர்மூழ்கி இலைகள், இவை அழுகல் அல்ல, பிடுங்காதீர்கள். மிதக்கும் இலை வந்தபின் தனித்தனியாக மாற்றுங்கள்.

நாட்டு நெய்தலின் பக்கத்தில் பகலில் பூக்கும் கலப்பின அல்லியை வைத்தால் விதை கலந்துபோகும். ஆம்பலோடு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

அல்லிக் கிழங்கையும் விதையையும் சாப்பிடலாம் என்கிறார்களே?
– வாசகர், பொன்னேரி

சாப்பிடும் வழக்கம் பழையது. கணவனை இழந்தவள் சோற்றுக்குப் பதில் வெள்ளாம்பல் விதையை உண்பதைச் சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது. அதே ஆம்பல் இளமையில் அவளுக்குத் தழையாடையாகவும் இருந்தது. கிழங்கை வேகவைத்து உண்பதும் உண்டு.

உங்கள் தொட்டியில் விளைந்ததானால் தடையில்லை. ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் நீர்நிலையில் எடுத்ததை உண்ணாதீர்கள். சேற்றில் தங்கும் ஈயம் போன்ற உலோகங்களை வேரும் கிழங்கும் ஈர்க்கும். வேகவைப்பதால் அவை போகா.

ஏரியில் நிறைய இருக்கிறதே, ஒரு கிழங்கைத் தோண்டி வரலாமா?
– வாசகர், செங்குன்றம்

வேண்டாம். மிதக்கும் இலைமேல்தான் இலைக்கோழி முட்டையிடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கக் கரையிலிருந்து பத்துச் செடிகளை மிதிக்க வேண்டியிருக்கும். அதோடு ஆகாயத்தாமரையின் துண்டும் நத்தை முட்டையும் வீட்டுக்கு வந்துவிடும். அவை மெதுவாக மற்றத் தொட்டிகளுக்கும் போகும். முற்றிய காய் ஒன்று கரையோரம் ஒதுங்கிக் கிடந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும்.

சித்திரையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டோம். தொட்டி வற்றி, இலையெல்லாம் காய்ந்துவிட்டது. செடி செத்துவிட்டதா?
– வாசகி, எண்ணூர்

பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். குளம் வற்றும் கோடையைக் கிழங்காகத் தாண்டுவது நாட்டு அல்லியின் இயல்பு. மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மெத்தென்று அமுங்கி நாற்றமடித்தால் போய்விட்டது. கெட்டியானதைப் புது மண்ணில் ஊன்றி, மூன்று அங்குலத் தண்ணீரில் வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போல் இலை கிளம்பும். அதுவரை உரம் வைக்க வேண்டாம். தொட்டி வற்றியதால் உப்பு அடியில் படிந்திருக்கும், நிரப்புவதற்கு முன் ஒருமுறை நன்றாகக் கழுவிவிடுங்கள்.